நாலு விரக்கடை

அரைஞாண் கயிறு அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலுக்கு அடியில் உருண்டு போன பையனின் பந்தை எடுக்கக் குனிந்தேன், இடுப்பில் 'டப்' என்று ஒன்று. முதலில் நரம்பு ஏதோ பிசகிவிட்டது என்று பயந்து அப்படியே குனிந்த வாக்கில் நின்றேன். அப்புறம்தான் வேட்டிக்குள்ளிருந்து கறுப்புக் கயிறு காலடியில் விழுந்தது.

"நூலு இத்துப் போயிருக்கும்டா" என்றார் அம்மா. அது அன்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் கருப்பசாமி கோயிலில் கட்டிய கயிறு, அவ்வளவு சீக்கிரம் இத்துப் போகாது. புதுக்கயிறை எடுத்துப் பழைய அளவுக்கே வெட்டிக் கட்டப் பார்த்தார், இரண்டு முனையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன, தொடவில்லை. தரையில் போட்டுக் கைவிரலால் அளந்தார். "நாலு விரக்கடை கூட வேணும்." அவ்வளவுதான் சொன்னார். எடை மெஷின், கண்ணாடி, ஆபீஸ் மெடிக்கல் செக்கப் எல்லாவற்றையும் ஏமாற்றி வந்தவனை அம்மாவின் நாலு விரல் பிடித்துவிட்டது.

அப்போது எனக்கு வயது 42. உயரம் 170 செ.மீ., எடை 79 கிலோ, தொப்புள் மட்டத்தில் டேப் வைத்தால் 98 செ.மீ. ஆனால் என்னைப் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். கை ஒல்லி, கால் ஒல்லி, நடுவில் மட்டும் ஒரு பானை. சட்டையை வெளியே விட்டால் தெரியாது. மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் நாற்பதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் இந்த மாடல்தான். இதற்கு மருத்துவ உலகில் ஒரு பிரபலமான போட்டோவே இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கு ஒன்றே, உள்ளே சரக்கு வேறு. நம் ஊர்க்காரர்களுக்குத் தசை கம்மி, கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. இதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) - இண்டியாப் ஆய்வு, பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகச் சொன்னது. நூறில் கிட்டத்தட்ட நாற்பது பேர். ஆக, நான் ஒன்றும் தனி ஆள் இல்லை. அந்த ஆறுதலில்தான் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

அன்று மத்தியானமே மொபைலில் தேடினேன். '30 நாளில் தட்டையான வயிறு' என்று ஒருவர் கடற்கரையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே தட்டையாகத்தான் இருந்தது. மறுநாள் அதிகாலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் ஜமுக்காளம் விரித்து ஆரம்பித்தேன். தினம் 50 சிட்-அப், பிறகு 100, பிறகு 200, நடுநடுவே கைகாலை விரித்துக் குதிக்கும் குதி. நாலாவது நாள் கீழ்வீட்டு ஓனர் படியேறி வந்து, "தம்பி, காலங்காத்தால மேல என்ன இடிக்கிறீங்க?" என்றார். குதியை நிறுத்தினேன். சிட்-அப்பை நிறுத்தவில்லை. மூன்று மாதம். முடிவில் கிடைத்தது கீழ்முதுகில் ஒரு வலி, வால் எலும்புக்கு மேலே தேய்ந்த தோல், 78 கிலோ. டேப் 97.

இங்கேதான் என் முட்டாள்தனம். வயிற்றைக் குறைப்பது, வயிற்றுத் தசையை வளர்ப்பது என்ற இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துவிட்டேன். அவை இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்று சாப்பாட்டுத் தட்டில் நடப்பது, இன்னொன்று ஜமுக்காளத்தில் நடப்பது. ஒன்றின் கூலியை இன்னொன்றிடம் கேட்டால் கிடைக்காது.

எந்தப் பகுதிக்கு வேலை கொடுக்கிறோமோ அந்தப் பகுதிக் கொழுப்புதான் கரையும் என்ற நம்பிக்கையை 1984-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 13 ஆண்களை 27 நாட்களில் ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுக்க வைத்து, வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்பைத் துளி எடுத்து அதன் செல்களை அளந்தார்கள். செல் கொஞ்சம் சுருங்கியிருந்தது, ஆனால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி. வயிற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. அதற்கும் முன்னால், டென்னிஸ் ஆடுபவர்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், பந்தடிக்கும் கையில் தசை பெருத்திருந்தது, தோலுக்கடியில் இருந்த கொழுப்பு இரண்டு கையிலும் ஒரே கனம்தான். காரணம் எளிது. தசை பக்கத்தில் இருக்கும் கொழுப்பைக் கிள்ளித் தின்பதில்லை. உடம்புக்கு எரிபொருள் தேவைப்படும்போது ஹார்மோன் உத்தரவு போகிறது, எல்லா இடத்துக் கொழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது, வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

எங்கிருந்து முதலில் வற்றும் என்பது நம் கையில் இல்லை. எங்கள் ஊர்க் கண்மாய் கோடையில் வற்றுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஓரத்து மேட்டில் முதலில் வெடிப்பு விடும், மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் சித்திரை முடிகிற வரை தண்ணீர் கிடக்கும். ஆண்களுக்கு அந்த மடைப்பள்ளம் அடிவயிறு. எனக்கு முதலில் வற்றியது முகம், அடுத்து விரல். மோதிரம் கழன்று வாஷ்பேசினில் விழுந்தது. வயிறு அப்படியே இருந்தது. 'மூஞ்சி வத்திப்போச்சு, தொப்பை போகலையே' என்று பலர் இந்தக் கட்டத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். நானும் விடப் பார்த்தேன்.

கொழுப்பு எங்கே போகிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. வேர்வையாகப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியென்றால் மே மாதம் கரண்ட் போன மதுரையில் ஒருத்தருக்கும் தொப்பை இருக்கக் கூடாது. 2014-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர். அதாவது தொப்பையை நாம் ஊதித் தள்ளுகிறோம். அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் குறையாது, தலைதான் சுற்றும். எரித்தால்தான் ஊத முடியும்.

சரி, சாப்பாடு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 450 கலோரி குறைத்தால் 17 நாளில் ஒரு கிலோ, காகிதத்தில். நான் ஒரு சமையல் தராசு வாங்கினேன். வாங்கிய அன்று மதியம் என் தட்டில் விழுந்த சோற்றைச் சும்மா நிறுத்துப் பார்த்தேன்: 500 கிராம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. வெறும் சோறே 650. நான் நிறையச் சாப்பிடுகிற ஆள் என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. ஆனால் நம் சாப்பாட்டின் கட்டுமானமே அப்படி. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. ஒவ்வொரு திரவமும் தனக்கென்று ஒரு பங்கு கேட்கிறது. எதற்காவது பங்கு கொடுக்காமல் எழுந்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது, சமைத்தவருக்கும் மனசு ஆறாது. புளிக்குழம்பு வைத்த நாள் என்றால் நாலாவது ரவுண்டும் உண்டு.

நான் செய்தது இவ்வளவுதான்: சோறு 200 கிராம், அது சாம்பாருக்கு மட்டும். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். மோரையும் அப்படியே. பொரியல் இரண்டு மடங்கு. அதிலேயே 390 கலோரி கழிந்துவிட்டது. அடுத்து காபி, ஒரு நாளைக்கு நாலு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி, ஆக 40 கிராம் சீனி, 160 கலோரி. இரண்டு காபியாக்கி, சீனியை நிறுத்தினேன். முதல் வாரம் கஷாயம் குடிப்பது போல இருந்தது, இப்போது யாராவது சீனி போட்டுக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது. இட்லியை நான் தொடவே இல்லை, மூன்று இட்லி மூன்று இட்லிதான். பிரச்சினை இட்லி இல்லை, தோசை. ஒவ்வொரு தோசையைச் சுற்றியும் விடுகிற எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அதைக் கண் பார்க்காது, நாக்கு மட்டும் பார்க்கும்.

குறைப்பது பாதிதான். குறைக்கும்போது புரதம் போதவில்லை என்றால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், ஏற்கெனவே நமக்கு அது தட்டுப்பாடு. ஐ.சி.எம்.ஆர். கணக்கு சாதாரண ஆளுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். தசை வளர்க்க நினைப்பவர்களுக்கு 1.6 கிராம் வரை சொல்கிறார்கள், எனக்கு அது 120 கிராமுக்கு மேல் வந்தது. நான் எட்டிப் பிடித்தது 90. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், காலையில் மூன்று. சாயங்காலம் ஆபீஸ் வாசலில் வாங்கும் பஜ்ஜிக்குப் பதிலாக வீட்டிலிருந்து கொண்டுபோன கொண்டைக்கடலைச் சுண்டல். சோயா உருண்டை, காய்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராம் புரதம், ருசி என்று எதுவும் கிடையாது, கறிமசாலா போட்டு ஏமாற்ற வேண்டும். வாரத்தில் மூன்று நாள் மீனோ கோழியோ, பொரிக்காமல்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுக்க 'நான் டயட்டில் இருக்கிறேன்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த டயட்டுக்கு வேலை பார்த்தது என் மனைவி. எனக்குத் தனிப் பொரியல், பிள்ளைகளுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி. ஒரு ராத்திரி அவள் அமைதியாகக் கேட்டாள்: "என்னங்க, உங்க தொப்பைக்கு நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?" மறுநாளிலிருந்து கடலை ஊறப்போடுவதும், குக்கர் வைப்பதும், முட்டை அவிப்பதும் என் வேலை. ஆண்கள் எழுதும் உடம்புக் குறைப்புக் கதைகளில் எல்லாம் அந்தச் சுண்டல் தானாக வெந்து வந்துவிடுகிறது.

இப்போது ஜமுக்காளம். 'அடிவயிற்றுக்கு', 'மேல்வயிற்றுக்கு' என்று தனித்தனிப் பயிற்சி விற்கிறார்கள். முன்வயிற்றில் இருப்பது நெஞ்செலும்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்பு வரை நீளமாக ஓடும் தசை, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதன் குறுக்கே நார்ப்பட்டைகள் ஓடுவதால்தான் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எத்தனை கட்டம் என்பது பிறவியிலேயே முடிவாகிவிடும். சிலருக்கு ஆறு, சிலருக்கு நாலு, சிலருக்கு எட்டு, கோணல்மாணலாகவும் இருக்கும். நாலு கட்டத்தோடு பிறந்தவர் என்ன செய்தாலும் 'சிக்ஸ்பேக்' வராது. பக்கவாட்டில் சரிவாக ஓடும் தசைகள் வேறு, எல்லாவற்றுக்கும் உள்ளே இடுப்பைச் சுற்றி ஒன்று. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார்களே, அந்த உள் தசை செய்வது அந்தத் துண்டின் வேலை. சிட்-அப்பில் அதற்குப் பெரிய பங்கில்லை.

200 சிட்-அப் எடுத்தது தசை வளர்க்கவும் உதவவில்லை, ஏன் என்றால் 200 முடிகிறது என்றாலே அது கஷ்டம் இல்லை, பொறுமை. பத்துப் பதினைந்தில் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், அது சுலபமாகிப் போனால் எண்ணிக்கையைக் கூட்டாமல் கஷ்டத்தைக் கூட்ட வேண்டும். கீழ்முதுகைத் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்துவதில் முதுகெலும்பு வட்டுகளுக்கு ஏற்படும் சேதத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர் கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில். பல தலைமுறை சிட்-அப் எடுக்க வைத்த அமெரிக்க ராணுவமே அதைத் தன் உடற்தகுதித் தேர்விலிருந்து தூக்கிவிட்டு, கடைசியில் 2022-ல் பிளாங்க் வைத்துவிட்டது, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை போல நிறுத்துவது.

நான் செய்வது வாரம் நாலு நாள், 35 நிமிடம். தண்டாலை முதலில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, அடுத்து படிக்கட்டில், ஐந்தாவது மாதம்தான் தரையில். பஸ்கி. 20 லிட்டர் தண்ணி கேனைப் பாதி நிரப்பி ஒரு கையால் இடுப்புக்கு இழுப்பது. உள்ளே தண்ணீர் அலம்பும், அந்த அலம்பலைச் சமாளிப்பதிலேயே பக்கவாட்டு வயிறு எரியும், எந்த டம்பெல்லிலும் கிடைக்காத எரிச்சல். அப்புறம் வயிற்றுக்கென்று மூன்று. மல்லாந்து படுத்து, கையும் முழங்காலும் வானம் பார்க்க, எதிரெதிர்க் கையையும் காலையும் மெதுவாகக் கீழே இறக்குவது, செத்த கரப்பான் போலத்தான் இருக்கும். முதுகுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையக் கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம். இரண்டாவது பிளாங்க், பிட்டத்தை இறுக்கி, விலாவைக் கீழே இழுத்துப் பிடித்து. முதலில் இடுப்பு தொங்கத் தொங்க இரண்டு நிமிடம் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், சரியாக நின்றபோது 20 நொடியில் கை நடுங்கிவிட்டது. மூன்றாவது, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து இடுப்பைத் தரையிலிருந்து தூக்குவது. ஆறாவது மாதம் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த சக்கரம் ஒன்று வாங்கி முட்டி போட்டு உருட்ட ஆரம்பித்தேன். முதல் நாள் உருட்டிவிட்டு மறுநாள் தும்மியபோது உயிர் போனது.

பிரசவமான பெண்கள் இதில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். நடுக்கோட்டில் அந்த இரண்டு தசைகளும் விலகியிருக்கலாம். என் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு விரல் இடைவெளி இருந்தது, பிசியோதெரபிஸ்ட் முதலில் தடுத்ததே சிட்-அப்பைத்தான். குடலிறக்கம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

இதெல்லாம் புதுசா என்ன? தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் இருந்தவைதான். 1905 வாக்கில் யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வான் இந்தியாவுக்கு வந்து காட்சி நடத்தினார், உடம்பை வளர்த்தவர்களுக்கெல்லாம் 'சாண்டோ' பட்டமாகிவிட்டது, கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர் வரைக்கும். இப்போது அந்தப் பெயர் கையில்லாத பனியனில் மிச்சம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தொப்பையோடு பேப்பர் படிக்கும் நம்மைப் பார்த்தால் அந்த மனிதர் என்ன நினைப்பாரோ.

சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், மூன்று சுற்று. இடைஞ்சல் என்னவென்றால் திருமலை நாயக்கர் குளத்தைத்தான் வெட்டினார், சுற்றி வரும் தள்ளுவண்டிகளைப் பிற்காலத்தவர்கள் சேர்த்துவிட்டார்கள். மூன்று சுற்றில் எரிப்பதை ஒரு டம்ளர் பருத்திப்பாலும் இரண்டு வடையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும். வாரம் ஒரு நாள் மட்டும் குடித்தேன். நிறுத்தவெல்லாம் இல்லை.

நாலாவது மாதம் 74 கிலோ. அப்போதுதான் ஊர் விழித்துக்கொண்டது. டீக்கடை மாஸ்டர் மெதுவாகக் குனிந்து, "சார், சுகரா?" என்றார். கல்யாண வீட்டில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம், "என்ன மதினி, புள்ள இப்படி வத்திப்போயிட்டான், டெஸ்ட் எடுத்தீங்களா?" தொப்பை வைத்திருந்த பத்து வருடத்தில் ஒருத்தரும் டெஸ்ட் எடுக்கச் சொல்லவில்லை. 'நல்லாப் பூசின மாதிரி இருக்க' என்றுதான் சொன்னார்கள். உண்மையில் சுகரின் ஓரத்தில் நின்றது அப்போதுதான், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.9. அத்தை கவலைப்பட்ட அந்த மாதம் அது 5.5. ரிப்போர்ட்டை அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன், பதிலுக்குப் பாகற்காய் ஜூஸ் வீடியோ ஒன்று வந்தது.

72-ல் ஐந்து வாரம் நின்றுவிட்டது. ஊர்த் திருவிழா வந்தது, கிடா வெட்டு, இரண்டு கிலோ ஏறியது, இறங்கியது. 14 மாதம் கழித்து இப்போது 68.5 கிலோ, இடுப்பு 85 செ.மீ. கட்டங்கள் தெரிகிறதா என்று கேட்பீர்கள். மேலே இரண்டு தெரிகிறது, காலையில், காபிக்கு முன்னால், பாத்ரூம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது. கீழே உள்ளவை இன்னும் மடைப்பள்ளத்துக்கு அடியில். அவை தெரிய வேண்டுமானால் இன்னும் ஐந்தாறு கிலோ இறங்க வேண்டும், எனக்குப் புளிக்குழம்பை அவ்வளவு தூரம் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை. கீழ்முதுகு வலி போய்விட்டது, சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைக்கும்போது முனகுவதில்லை, அது போதும்.

போன வாரம் குளித்துவிட்டு வரும்போது கயிறு நழுவி முழங்காலுக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் போய் நின்றேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கயிறை இழுத்துப் பிடித்து, விரலால் அளந்தார். "ஆறு விரக்கடை." முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. புதுசாக முடிச்சுப் போட்டார், ஆனால் மிச்சத்தை வெட்டவில்லை, சுருட்டி முடிச்சுக்குப் பக்கத்திலேயே செருகிவிட்டார். கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன்.

"இருக்கட்டும்டா" என்றார். "தீபாவளி வருதுல்ல."